தேர்ந்தெடுக்கப்படாதவர்களின் கூட்டம்

குழந்தை பிறந்த கையோடு தாய் ஒரு பெரிய பித்தளை ஆணியை எடுக்கிறாள். ஆணி இறங்குவது தரையில் விழுந்து கிடக்கும் குழந்தையின் நிழலில். நிழலை மண்ணோடு அறைந்து நிறுத்திவிட்டு, குழந்தையிடமிருந்து அதைக் கிழித்தெடுக்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு நிழல் கிடையாது. வளர வளர அவன் கால் தரையில் பாவ மறுக்கிறது. கவனம் கொஞ்சம் பிசகினால் மேலே மிதக்கத் தொடங்கிவிடுகிறான். அடுத்தவர் கண்ணுக்குப் படாத பேய்கள் அவன் கண்ணில் படுகின்றன. தாய் அவனை வளர்ப்பது ஒரே ஒரு வேலைக்காக. குடும்பத்தை விட்டுப் போய், ஊர் உலகம் விழுந்து கும்பிடும் மகானாகிவிட்ட தகப்பனை அவன் கொல்ல வேண்டும்.

வஜ்ர சந்திரசேகர எழுதிய ‘தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. தலைப்பை ‘ஒளிக்கதவுகளின் புனிதர்’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஆசிரியர் கொழும்புக்காரர், ஆங்கிலத்தில் எழுதுபவர். 2023 ஜூலையில் வெளிவந்த இதுதான் அவருடைய முதல் நாவல். அடுத்த ஆண்டே அறிபுனைவுக்கும் மாயாஜாலக் கதைக்கும் தரப்படும் நெபுலா விருது, முதல் நாவலுக்கான லோகஸ் விருது, கிராஃபோர்ட் விருது மூன்றையும் வாங்கியது. ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியல் வரைக்கும் போனது. ‘அவதார புருஷன் கதையைத் தலைகீழாக்கிய நாவல்’ என்று சுருக்கமாக அறிமுகப்படுத்துகிறார்கள். தவறில்லை. ஆனால் எந்த அவதார புருஷன், யாருடைய கதை என்பதைச் சொல்லாமல் விட்டால் நாவலின் பாதி கைநழுவிப் போகும். நம் பக்கத்து வாசகர்களுக்கு அந்தப் பாதியைப் பிடிக்க வசதி அதிகம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் சில பக்கங்களைப் படித்ததும் மாயாஜாலக் கதை படித்துப் பழகியவர் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். வழி தெரிந்த வழிதான். பையன் பயிற்சி பெறுவான், தயங்குவான், ஒரு குரு சாவார், கடைசியில் தகப்பனுக்கு நேருக்கு நேர் நிற்பான். நடப்பதோ வேறு. பிள்ளை வளர்ந்ததும் ஊரையும் தாயையும் விட்டுக் கிளம்பி, லூரியட் என்ற பெருநகரத்துக்கு வந்து சேர்கிறான். கொலைத் தொழிலைக் கைவிடுகிறான். காதலன் ஒருவன் அமைகிறான். ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்து விழிக்கிறவர்களுக்கு ஒத்தாசை செய்கிறான். அப்புறம் ஒரு கூட்டத்துக்குப் போய்வருகிறான். குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிற கூட்டங்கள் உண்டல்லவா, கிட்டத்தட்ட அதே மாதிரி. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள். ஏதோ ஒரு மதம், ஏதோ ஒரு ஆரூடம், ஏதோ ஒரு பரம்பரை இவர்களைக் கிட்டத்தட்டத் தேர்ந்தெடுத்து, கடைசிப் படியில் கைவிட்டிருக்கிறது. ரயிலில் ஆர்.ஏ.சி. டிக்கெட்டோடு ஏறி, விடியும்வரை பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்தே வந்தவர்களுக்கு இந்த நிலை உடனே புரியும். வண்டியில் இடம் உண்டு, படுக்கத்தான் இடமில்லை.

அந்தக் கூட்டம்தான் நாவலின் முதல் பெரிய கண்டுபிடிப்பு. ஓர் ஊரில் ஓர் இரட்சகர் இருந்தால் அது புராணம். இரட்சகராக இருந்திருக்க வேண்டியவர்கள் ஒரு அறை நிறைய இருந்தால்? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாமி, ஒவ்வொரு முன்னறிவிப்பு, ஒவ்வொரு ஏமாற்றம். அத்தனை பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்ததுமே ஒன்று தெளிவாகிவிடுகிறது. ஆரூடம் என்பது வானத்திலிருந்து விழுவது இல்லை, யாரோ நடத்துவது. ஆள் எடுக்கிறார்கள், பட்டியல் போடுகிறார்கள், கழித்துக் கட்டுகிறார்கள்.

தமிழில் இதற்கு எத்தனை சொல் என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆரூடம், நிமித்தம், குறி, சோதிடம், தீர்க்கதரிசனம், அசரீரி. எல்லாம் வருவதுரைத்தல்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு. குறி சொல்பவளுக்கு முறத்தில் நெல் போட வேண்டும். சோதிடர் தட்சணை வாங்குகிறார், பலிக்காவிட்டால் பிறந்த நேரத்தைச் சரியாகக் குறிக்கவில்லை என்று நம்மையே குறை சொல்லலாம். அசரீரிதான் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. உடம்பு இல்லாத குரலைப் பிடித்து யாரும் கேள்வி கேட்க முடியாது. தேரோட்டிக்கொண்டு போன கம்சனுக்குத் தங்கையின் எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும் என்று கேட்டது அசரீரி. அந்தக் குரல் வாயை மூடிக்கொண்டிருந்தால் சிறையும் இல்லை, அதற்கு முன் பிறந்த சிசுக்களின் சாவும் இல்லை. அந்த முந்தைய பிள்ளைகளுக்காக யாரும் பெரிதாகக் கதாகாலட்சேபம் நடத்துவதில்லை. அழைக்கப்பட்டவர்கள் அநேகர், தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் சிலர் என்று விவிலியத்தில் வருகிறது; மிச்சம் அநேகர் வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போனார்கள் என்பது அங்கேயும் பேச்சில்லை.

மேற்கத்திய மாயாஜாலக் கதைகள் இந்த மரபை உடைத்துப் பார்க்காமலில்லை. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ 1965-லேயே ஒரு போடு போட்டது. அதில் பாலைவன மக்கள் காத்திருக்கும் இரட்சகர் பற்றிய நம்பிக்கை, பெனே கெஸரிட் என்ற பெண்கள் அமைப்பு முன்கூட்டியே விதைத்துவைத்தது. பின்னால் தங்கள் ஆள் யாராவது அங்கே மாட்டிக்கொண்டால் உதவும் என்று செய்த ஏற்பாடு. 1969-ல் வந்த அடுத்த நாவலில் அந்த இரட்சகரே உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்: தன் பெயரால் நடந்த போர்களில் செத்தவர்கள் 6,100 கோடி. ஹாரி பாட்டர் கதையில் ஆரூடம் இரண்டு பிள்ளைகளுக்குப் பொருந்தும். வில்லன் அதை நம்பி ஒருவனைக் குறிவைத்ததால்தான் அவன் நாயகன், இன்னொருவன் நெவில். சைனா மியெவில் 2007-ல் சிறுவர்களுக்காக எழுதிய ‘அன் லன் டன்’ இன்னும் குறும்பு. ஆரூடம் சொன்ன பெண் முதல் மோதலிலேயே அடிபட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். கூட வந்த தோழி டீபாதான் வேலையை முடிக்கிறாள். அதுவும் எப்படி? ஏழு பொருள்களை வரிசையாகத் தேடிச் சேர்க்க வேண்டும் என்று விதி. நேரமில்லை என்று நடுவில் உள்ளதை எல்லாம் தாண்டிக் கடைசிப் பொருளுக்கே போய்விடுகிறாள். அதில் பேசும் ஆரூடப் புத்தகம் ஒன்று வரும். தான் எழுதிவைத்தது பொய்த்துப்போன துக்கத்தில் அது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியும். எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம்.

நம்மிடமும் இப்படி ஒருவர் உண்டு. அண்ணன் இருக்க, உனக்குத்தான் அரசாளும் பொறி இருக்கிறது என்று ஒரு நிமித்திகன் சொன்னதும், சொன்னவனை முறைத்துப் பார்த்துவிட்டுத் துறவு வாங்கிக்கொண்ட இளைய இளவரசர். நாடு அண்ணன் செங்குட்டுவனுக்குப் போயிற்று, நமக்குச் சிலப்பதிகாரம் கிடைத்தது. ஆரூடத்தைப் பொய்யாக்கியே தீருவேன் என்று வாழ்ந்து காட்டியவர் இளங்கோவுக்கு இணையாக எந்த மாயாஜால நாவலிலும் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. வரந்தரு காதையில் நாலைந்து வரிகளில் முடிந்துபோகிற விஷயம் அது.

சந்திரசேகரவின் நாவல் இந்த வரிசையில் சேர்வதுபோல் தெரிந்தாலும் அதன் சண்டை வேறிடத்தில். ஆரூடம் பொய்யென்று அது சொல்லவில்லை. ஆள் மாறிவிட்டது என்றும் சொல்லவில்லை. ஆரூடம் பலித்துவிட்டது, என்றைக்கோ. தேர்ந்தெடுக்கப்பட்டவர் வந்தார், வென்றார், உலகம் அவர் பின்னால் போயிற்று. அப்போது அவர் வீட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறது.

நாயகன் பெயர் ஃபெட்டர். ஆங்கிலத்தில் அது காலில் மாட்டும் விலங்கு, தளை. தாயின் பெயர் ‘மதர் ஆஃப் குளோரி’, புகழின் தாய். தகப்பனுக்குப் பெயரே இல்லை, பட்டம் மட்டும்: பூரணரும் கருணையாளரும். இந்த மூன்றையும் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பின்னாளில் புத்தரான சித்தார்த்தனின் மனைவி யசோதரை; அந்தப் பெயருக்குப் புகழைத் தாங்குபவள் என்று பொருள். பௌத்த மரபில், சித்தார்த்தனுக்கு மகன் பிறந்த செய்தி வந்ததும் அவன் வாயில் வந்த சொல், ஒரு பந்தனம் பிறந்துவிட்டது என்பது. அதிலிருந்தே பிள்ளைக்கு இராகுலன் என்று பேர் விழுந்தது என்பார்கள். (மணிமேகலை படித்தவர்கள் குழம்ப வேண்டாம். அங்கே போன பிறவியில் பாம்பின் விடத்தால் இறந்துபோன இராகுலன் வேறு ஆள்.) தளை என்று தகப்பனே பெயர் வைத்துவிட்டுப் போன பிள்ளைதான் ஃபெட்டர்.

புத்தர் கதையே ஓர் ஆரூடத்தில்தான் தொடங்குகிறது. பெயர் சூட்டும் நாளில் எட்டு பிராமணர்கள் குழந்தையின் அங்க லட்சணம் பார்க்கிறார்கள். ஏழு பேர் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள்: வீட்டில் இருந்தால் சக்கரவர்த்தி, துறந்தால் புத்தர். எட்டாவது ஆள், எல்லோரிலும் இளையவனான கொண்டஞ்ஞன், ஒரே விரலைக் காட்டுகிறான். இரண்டு வழி என்ற பேச்சுக்கே இடமில்லை, புத்தர்தான். இருபத்தொன்பது வருடம் கழித்து அந்த ஒற்றை விரல் பலிக்கிற இரவைப் பாலி உரைகள் விலாவாரியாகச் சொல்கின்றன. சித்தார்த்தன் அறைக் கதவைத் திறக்கிறான். உள்ளே விளக்கு எரிகிறது. பூ இறைந்த படுக்கையில் யசோதரை பிள்ளையின் தலைமேல் கையை வைத்தபடி தூங்குகிறாள். நிலைப்படியில் ஒரு கால் வைத்து நின்று பார்க்கிறான். பிள்ளையை ஒருமுறை எடுக்கலாம் என்றால் அவள் கையை விலக்க வேண்டும், விலக்கினால் விழித்துக்கொள்வாள், விழித்தால் போக முடியாது. புத்தரான பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படியிறங்கிவிடுகிறான்.

ஆயிரம் ஓவியர்கள் வரைந்த காட்சி. எல்லா ஓவியத்திலும் கதவுப் பக்கம் நிற்கிறவர்மேல்தான் வெளிச்சம். நாவல் படுக்கைப் பக்கத்திலிருந்து பார்க்கிறது.

அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். ஞானம் பெற்ற புத்தர் சொந்த ஊருக்கு வருகிறார். பிள்ளைக்கு ஏழு வயது. யசோதரை அவனைக் கூப்பிட்டு, அதோ போகிறாரே அவர்தான் உன் அப்பா, போய் உன் பங்கைக் கேள் என்று அனுப்புகிறாள். பிள்ளை ஓடிப்போய் எதிரே நின்று, முதலில் சொல்வது சொத்தைப் பற்றி இல்லை. ‘துறவியே, உன் நிழல் இனிது’ என்கிறான். அப்புறம்தான் பின்னாலேயே நடந்துகொண்டு, எனக்குரியதைக் கொடு, எனக்குரியதைக் கொடு என்கிறான். புத்தர் தன் சீடர் சாரிபுத்தரைப் பார்த்து, இவனைத் துறவியாக்கிவிடு என்கிறார். சொத்து கேட்ட பிள்ளைக்கு மொட்டைதான் கிடைத்தது. செய்தி கேட்டுத் தாத்தா சுத்தோதனர் வந்து, இனிமேல் பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்கக் கூடாது என்று வரம் கேட்டு வாங்குகிறார்; அது விதியாகவே ஆகிவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாவலின் முதல் வரிக்குத் திரும்பிப் போனால் எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. தகப்பனின் நிழல் இனிது என்று சொன்ன பிள்ளையின் நிழலைத்தான் இங்கே தாய் ஆணி அடித்துப் பிய்த்தெடுக்கிறாள். தகப்பனிடம் போய்ப் பங்கு கேள் என்று அனுப்பிய அதே தாய்தான் இங்கே போய்க் கொல் என்று அனுப்புகிறாள். ஆசிரியர் அந்தப் பாலி வரியை நினைத்துத்தான் ஆணியைக் கையில் எடுத்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். என் வாசிப்பில் இரண்டும் ஒட்டிக்கொண்டன, இனிப் பிரிக்க முடியாது. கணவனுக்குக் கிடைத்த முன்னறிவிப்புக்கு எதிராக அவள் கையால் ஒரு முன்னறிவிப்பைச் செய்துவைக்கிறாள், அதற்குக் கருவியாகக் கையில் இருந்த ஒரே ஆளைப் பயன்படுத்துகிறாள். பிள்ளையின் பார்வையில் இரண்டு பேரும் ஒன்றுதான். ஒருவர் அவனைத் தளை என்றார், மற்றவர் கத்தி என்றார்.

தாய் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் மன்னிக்கவே முடியாத ஐந்து குற்றங்கள் வருகின்றன. மற்றவர்கள் செய்யாமல் இருப்பதற்காகப் படிப்பதை அவன் செய்து முடிப்பதற்காகப் படிக்கிறான். இதுவும் பௌத்தத்திலிருந்து நேரடியாக எடுத்ததுதான். தாயைக் கொல்வது, தந்தையைக் கொல்வது, அரகந்தரை, அதாவது ஞானம் அடைந்த துறவியைக் கொல்வது, புத்தர் உடம்பில் இரத்தம் வரவைப்பது, சங்கத்தைப் பிளப்பது. இந்த ஐந்தும் ஆனந்தரிய கர்மங்கள், செய்தவர் அடுத்த பிறவியில் நேரே நரகம். ஃபெட்டருக்கு ஒரு வசதி. தகப்பனே மகான் என்பதால் இரண்டு குற்றத்தை ஒரே குத்தில் முடித்துக்கொள்ளலாம். இந்த மாதிரி வறட்டுச் சிரிப்பு நாவல் முழுக்க உண்டு.

அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட யார் இல்லை என்று பார்ப்பது முக்கியம். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. வேறு மொழி பேசுகிறவர் இல்லை. எதிரி நாட்டுச் சிப்பாய் இல்லை. அவர்களைக் கொல்வதும் பாவம்தான், ஆனால் கழுவக்கூடிய பாவம். எந்த அளவுக்குக் கழுவலாம் என்பதற்கு இலங்கையின் பாலி வரலாற்றுக் காவியமான மகாவம்சத்தின் இருபத்தைந்தாம் அத்தியாயம் சாட்சி. தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு, இத்தனை பேரைக் கொன்றுவிட்டேனே என்று உறக்கமில்லாமல் தவிக்கிறான். பியங்குதீபத்திலிருந்து எட்டு அரகந்தர்கள் ஆகாய மார்க்கமாக வந்து தேற்றுகிறார்கள். (அந்தத் தீவைப் புங்குடுதீவு என்று அடையாளம் காண்பவர்கள் உண்டு.) அவர்கள் சொல்லும் ஆறுதல் இது: நீ கொன்றது ஒன்றரை மனிதர்களைத்தான். ஒருவன் புத்தம், தன்மம், சங்கம் என்ற மும்மணியில் சரணடைந்தவன், இன்னொருவன் ஐந்து சீலத்தையும் ஏற்றவன். மிச்சம் பேர் மிருகங்களுக்குச் சமம். இத்தனைக்கும் எல்லாளன் கன்றுக்குட்டிக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட நீதிமான் என்று பாராட்டுவதும் இதே மகாவம்சம்தான்.

ஒன்றரை. அந்தப் பின்னத்தை நினைவில் வைத்துக்கொண்டு லூரியட் நகரத்துக்குள் நுழைய வேண்டும்.

லூரியட்டில் கைப்பேசி இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது, கொள்ளைநோய்க்கான தனிமைப்படுத்தல் இருக்கிறது. ஆளுக்கொரு இனம், ஆளுக்கொரு சாதி என்று ஆட்களைத் துல்லியமாகப் பிரித்து அட்டை கொடுத்து, அந்த அட்டையை வைத்தே எங்கே இருக்கலாம், எங்கே போகலாம் என்று தீர்மானிக்கிற அரசாங்கம் இருக்கிறது. இனக்கலவரம் அங்கே மழைக்காலம் மாதிரி வந்துபோகிற ஒன்று; மக்கள் அதைப் பற்றிப் பேசும் தொனியும் அப்படித்தான். மகானின் சமயம் இரண்டு மார்க்கங்களாகப் பிரிந்து, இரண்டுக்கும் புனிதர்கள், இரண்டுக்கும் அரசியல் செல்வாக்கு. ஒரு கட்டத்தில் ஃபெட்டர் பிடிபட்டு முகாமுக்குள் போகிறான். அந்த முகாம் முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போகிறது. எதற்காகப் பிடித்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது, எல்லாத் தாளிலும் முத்திரை மட்டும் சரியாக இருக்கும்.

1983 ஜூலைக் கலவரத்தில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்று நினைவு வைத்திருக்கும் வாசகருக்கு, 2009-ல் ஏறக்குறைய 3 லட்சம் பேரை வவுனியாவின் முட்கம்பிகளுக்குப் பின்னால் அடைத்ததை அறிந்த வாசகருக்கு, இந்தப் பக்கங்களை மாயாஜாலம் என்ற அலமாரியில் வைக்கக் கை வராது. ஆசிரியர் எங்கும் இலங்கை என்ற பெயரைச் சொல்வதில்லை. சிங்களவர் என்றோ தமிழர் என்றோ ஒரு சொல் கிடையாது. இதைத் தப்பித்தல் என்று சொல்ல எனக்கு முதலில் தோன்றியது. படித்து முடித்தபோது அப்படித் தோன்றவில்லை. பெயரைச் சொல்லிவிட்டால் உடனே யார் பக்கம் என்ற கேள்வி வரும், புத்தகம் அங்கேயே மூடிக்கொள்ளும். பெயர் இல்லாததால் அந்த ஏற்பாடு மட்டும் அம்மணமாகத் தெரிகிறது: மனிதர்களை ஒன்று, அரை, பூஜ்யம் என்று பிரிக்கிற வேலை.

இங்கேதான் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மரபின் உள்ளூர் வடிவம் தெரியவருகிறது. இலங்கையின் பாலி வரலாற்று நூல்களில் தேர்ந்தெடுக்கப்படுவது ஓர் ஆள் இல்லை, ஒரு தீவு. மகாவம்சத்தின்படி புத்தர் ஞானம் பெற்ற ஒன்பதாம் மாதத்திலேயே ஆகாய வழியாக இலங்கைக்கு வருகிறார். மகியங்கனை என்ற இடத்தில், அப்போது தீவில் இருந்த இயக்கர்கள் கூடியிருக்கிறார்கள். மழையும் காற்றும் இருட்டும் வரவைத்து அவர்களை நடுங்கவைக்கிறார். உட்காரக் கொஞ்சம் இடம் கேட்கிறார். பயத்தில் முழுத் தீவையும் எடுத்துக்கொள் என்கிறார்கள். கிரிதீபம் என்ற இன்னொரு தீவைக் கிட்டே வரவழைத்து, இயக்கர்களை அதில் ஏற்றி, தீவைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார். பிறகு, பரிநிர்வாணம் அடையும் நாளில் சக்கனை, அதாவது இந்திரனைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: விஜயன் எழுநூறு பேரோடு இலங்கையில் இறங்கியிருக்கிறான், என் சாசனம், என் போதனை, அங்கே நிலைக்கப்போகிறது, அவனையும் அந்தத் தீவையும் காப்பாற்று. இதுவும் ஒரு முன்னறிவிப்புதான். பலித்த முன்னறிவிப்பு. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன் மடாலயத்தில் உட்கார்ந்து ஒரு பிக்கு எழுதிய அந்த வரிகள் இருபதாம் நூற்றாண்டில் பாடப்புத்தகத்துக்கும் தேர்தல் மேடைக்கும் வந்து சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

எழுதியவர்களே எல்லோரும் அதை அப்படியே நம்பினார்களா என்பது தனி விவாதம். கவிதையை ஆவணமாக்கியது காவியத்தின் குற்றமில்லை என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அதில் ஓரளவு சம்மதம்.

நாவலில் புகழின் தாய் சாகக் கிடக்கிறாள். கிடந்தபடி மகனுக்கு தொலைபேசியில் பழைய கதையைச் சொல்கிறாள். கிரிதீபத்துக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் தரப்பு என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றவைக்கும் கதை. அவள் சொல்கிற தகப்பன் கருணையின் வடிவமில்லை. வந்து வென்றவர், வென்ற பிறகு தனக்கு ஏற்றபடி உலகத்தின் கடந்த காலத்தையே மாற்றிப் போட்டவர். மாற்றிவிட்ட பிறகு முன்னால் என்ன இருந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை, இரண்டொருவரைத் தவிர. தாய் சொல்வதை அப்படியே நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளை இரண்டு கதைக்கும் நடுவில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

ஒளிக்கதவுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. லூரியட்டில் ஊரெங்கும் இருக்கின்றன. பளிச்சென்று வர்ணம் பூசிய கதவுகள், திறக்கவே திறக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தால் அங்கே கதவே இருக்காது. ஒரு பக்கம் மட்டும் உள்ள கதவு. பல்கலைக்கழகக்காரர்கள் அளந்து பார்க்கிறார்கள், அரசாங்கம் வேலி போடுகிறது, ஜனங்கள் பழகிப்போய்த் தாண்டிப் போகிறார்கள். ஃபெட்டருக்கு மட்டும் அவற்றின் வழியாக வருகிறவை கண்ணுக்குத் தெரிகின்றன. கதவு எதைக் குறிக்கிறது என்று நாவல் எங்கும் விளக்கம் கொடுப்பதில்லை. பிள்ளையின் தலைமேல் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் பக்கத்திலிருந்து அந்த இரவில் சாத்திய கதவும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் வேறாக எடுத்துக்கொள்ளலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நடுப்பகுதி இழுக்கிறது, குறிப்பாக முகாம். திசை தெரியாமல் நடப்பவனோடு சேர்ந்து நாமும் திசை தெரியாமல் நடக்கிறோம்; அது வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தாலும் அலுப்பு அலுப்புதான். ஃபெட்டர் தானாக எதையும் முடிவெடுப்பது அபூர்வம். யாராவது தள்ளினால் போகிறான், பேர் மாற்றிக்கொள் என்றால் மாற்றிக்கொள்கிறான். இனங்கள், சாதிகள், மார்க்கங்களின் பெயர்கள் பாதி நினைவில் நிற்பதில்லை. பௌத்தக் கதைகள் தெரியாத வாசகருக்கு முதல் வரியின் ஆணி வெறும் ஆணிதான். அப்படிப் படித்தாலும் கதை ஓடும், ஆனால் கால்வாசிச் சிரிப்பு காணாமல் போகும். இன்னொன்று: கதையை யார் சொல்கிறார்கள் என்பதில் பின்பகுதியில் ஒரு திருப்பம் உண்டு. அதை இங்கே உடைத்தால் படிக்கப்போகிறவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். தகப்பனும் மகனும் சந்தித்தார்களா என்பதையும் அதோடு சேர்த்து விட்டுவிடுகிறேன்.

எனக்குத் திரும்பத் திரும்ப மனதில் வருவது, தகப்பனைப் பற்றிய எதுவும் இல்லை, ஃபெட்டர் ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் செய்யும் உதவிதான். மொழி சரியாகப் பிடிபடாதவர்கள், எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளோடு போக வேண்டும் என்று தெரியாதவர்கள். மிதக்கத் தெரிந்தவன், பேய்களைப் பார்க்கக்கூடியவன், கடவுளுக்குச் சமமான ஒருவரைக் கொல்வதற்கென்றே பெற்று வளர்க்கப்பட்டவன், அவர்களோடு வரிசையில் நிற்கிறான். எந்த ஆரூடத்திலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கால் தரையை விட்டு எழும்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள்.